பன்னிரண்டு வருட உத்தரவாதம்

வெளியே மழை நின்று மூன்று மணி நேரம்.
எங்கள் கட்டிலுக்கு மேலே இன்னும் நிற்கவில்லை.
ஆரின் ஒரு கையில் சூப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு
மறு கையால் உறையின் பின்பக்கம் கணக்குப் போடுகிறார்:
முப்பத்தொரு அடி நீளம், எட்டரை அகலம்,
ஓரம் மடிக்க இரு பக்கமும் ஆறு அங்குலம்.

வடக்கு டக்கோட்டா, செப்டம்பர் கடைசி.
கண்காட்சித் திடலில் நாற்பது டிரெய்லர்கள்,
சர்க்கரை பீட் அறுவடைக்குக் காத்து.
மண் காய்ந்தால் வேலை. வேலை நடந்தால் கூலி.
கூலி வந்தால் கூரை.
அதுவரை சட்டி.

ஏணியில் ஏறுவது நான்தான்.
அவர் எடையைப் பலகை தாங்காது,
அவர் முழங்காலும் தாங்காது.
இரண்டில் எதை முதலில் சொல்வதென்று தெரியாமல்
"உனக்குத்தான் உயரம் பிடிக்குமே, நோரீன்" என்கிறார்.
எனக்கு உயரம் ஒருநாளும் பிடித்ததில்லை.

மேலே, அலுமினியத் தகட்டின் மீது
நாங்கள் பூசியதெல்லாம் ஏடு ஏடாய்:
யூமாவில் வெள்ளி வண்ணம்,
சிட்னியில், மொன்டானாவில் இருக்கும் சிட்னியில், கருந்தார்,
காற்றுத்துளை மூடியைச் சுற்றி
அவருக்குத் தெரியாமல் நான் அப்பிய குளியலறைப் பசை.
கத்தியால் நெம்பியதும்
எல்லாம் ஒன்றாகவே எழுந்து வந்தன.
தகட்டின் மூலையைத் தூக்கினேன். அடியில் பலகை
பாலில் ஊறிய ரொட்டி.
கையகல இடம் மட்டும் காய்ந்திருந்தது. அதில் பென்சிலால்
தொழிற்சாலையில் யாரோ எழுதியது:
"இங்கே மிதிக்காதே. ரஸ்."
மிதித்துக்கொண்டுதான் படித்தேன்.

மேசைமேல் மாதிரித் துண்டுகள்.
கறுப்பு ரப்பர். வெள்ளை ரப்பர்.
மொடமொடவென்று ஒரு பிளாஸ்டிக்,
வெந்நீர்க் காற்றால் அல்ல, வெறும் சூட்டுக் காற்றால்
ஒட்டவேண்டுமாம். அதற்குத் தனி இயந்திரம், தனி வாடகை.
பிறகு பழையபடி அலுமினியம்.
ஆரின் கறுப்பு என்றார்: பனி சீக்கிரம் உருகும்.
நான் வெள்ளை என்றேன்: குளிர்காலம் அரிசோனாவில்தானே.
"ஜனவரியில் அங்கே என்ன வெயில்?"
"போன வருஷம் ஜூன்வரை இருந்தோமே."
போன வருஷம் ஜூன்வரை இருந்தது
அவருடைய இருதயத்தால்.
கொஞ்ச நேரம் இருவரும்
துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

பக்கத்து டிரெய்லர் டெல்மர்
கேட்காமலே வந்து உட்கார்ந்தான்.
"வாளியில் வருகிறது, உருளையால் தேய்த்தால் முடிந்தது.
ஐந்து வருஷம் தாங்கும்.
உங்கள் வயசுக்கு அது போதுமே."

அவன் போனபின் ஆரின்
பன்னிரண்டு வருட உத்தரவாதம் உள்ள ரப்பரை
மேசையின் நடுவே இழுத்து வைத்தார்.
எழுபத்துமூன்றோடு பன்னிரண்டு.
கூட்டல்தான், யாருக்கும் வரும்.
நான் காபிக் கோப்பைகளைக் கழுவினேன்,
கழுவியவற்றை மறுபடி கழுவினேன்.

படிவத்தை அவரே நிரப்பினார்.
உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டும்,
பிறர் பெயருக்கு மாற்ற இயலாது
என்று எறும்பு எழுத்தில் கீழே இருந்தது.
உரிமையாளர் என்ற கோட்டில்
நோரீன் ட்வைட் என்று எழுதியிருந்தார்.
என் பெயர் மட்டும். கோட்டில் இன்னொரு பெயருக்கு
இடம் இருந்தது.
நிறம் என்ற கட்டத்தில்: வெள்ளை.

"பனி உருகாதே" என்றேன்.
"துடைப்பம் இருக்கிறது" என்றார்.

இரவு மறுபடி பிடித்துக்கொண்டது.
தகரத்தில் மழை விழுந்தால்
இந்த வீட்டில் எதுவும் காதில் விழாது.
ரப்பர் வந்தபின் விழும்.
அவர் மூச்சு, நடுவில் அது தயங்குவது,
நான் விழித்திருந்து எண்ணுவது.

நான் ஏதோ சொன்னேன்.
"என்ன?" என்று கத்தினார்.
"ஒன்றுமில்லை" என்று நானும் கத்தினேன்.
சட்டி நிரம்பிவிட்டது.
எழுந்து வேறு வைத்தேன்.